அம்புறோசின் முதல் வாத்தியார்

1

“விஜயதசமியண்டு கோயில் மண்டபத்தில பிள்ளையளுக்கு ஏடு தொடக்கவேணும்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா யூலியானா சொல்லி அனுப்பியிருந்தாள். நதாலி கூட்டத்தில் வாய் திறந்ததே இதற்குத்தான். புலம்பெயர்ந்த தமிழர் வாழும் லோசான் நகரில் ஒரு கத்தோலிக்கக் கோயில், தமிழ் வகுப்பை நடத்தும் குழு, 2017.

கதை பிறந்தது ஓர் ஆய்வேட்டில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிரேக்க, உரோமப் புத்தகங்களைப் படிக்கலாமா, கூடாதா என்று ஆதிக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்ததைப் பற்றி நதாலி எழுதியது. (கூடாது என்றவர்களிலும் பலர் அந்தப் பள்ளிக்கூடங்களில் எழுதப் பழகியவர்கள்.*) அவள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவள்தான்.

* அவளுக்குக் கோபம் வந்த இடம் இது.

2

குழுத்தலைவர் அம்புறோசை முதலில் முரடராக எழுதினேன். ‘அவர் மேசையில் ஓங்கி...’ வெட்டிவிட்டேன். எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பிறகுதான் மறுத்தார் மனுசன்.

“பிள்ளை, அது சரஸ்வதியின்ர நாள். இது மாதா கோயில்.”

“உங்களுக்கு ஏடு தொடக்கினது ஆர், அங்கிள்?”

“சிவலிங்கம் வாத்தியார். மடியில வைச்சு, விரலைப் பிடிச்சு, அரிசியில ‘அ’ எழுதுவிச்சவர்.”

“திருநீறு பூசினவரோ?”

“ஓம், நெத்தி நிறைய. அது வேற. அது படிப்பு.”

“நானும் அதைத்தானே கேக்கிறன்!”

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. அவருக்கும் அடக்க முடியவில்லை. “பட்டம் எடுத்தாலும் எடுத்தாய், வாயைப் பார்!”

3

பிறகு இறங்கி வந்தார். “சரி. எங்கட பிள்ளையளுக்கு மட்டும். ஃபாதரைக் கொண்டு செய்விப்பம்.”

“புதுசாச் சேர்ந்தது ஒன்பது பேர். நாலு பேர் சைவம். அவை?”

“அவை தங்கட கோயிலில செய்யட்டும்.”

(ஒரு முடிவு: ஃபாதர் வந்து எல்லோரையும் சேர்த்துவிடுகிறார். நம்ப மாட்டீர்கள். இன்னொன்று: நதாலி அழுகிறாள். நான் நம்ப மாட்டேன்.)

“கையைத் தூக்கிப் பாப்பம்,” என்றார் அம்புறோஸ்.

நதாலி ஜாக்கெட்டை எடுத்தாள். “தூக்குங்கோ, அங்கிள். விஜயதசமி வாற சனிக்கிழமை ரெனானில, எங்கட வீட்டில, ஒன்பது பேருக்கும் நான் தொடக்கிறன். நீங்களும் வாங்கோ, தேத்தண்ணி தாறன்.”

எத்தனை கைகள் உயர்ந்தன என்று நான் எழுதப்போவதில்லை. வேண்டுமானால் அம்புறோசின் கையை நீங்களே உயர்த்திக்கொள்ளுங்கள். அதைப் பார்க்க அவள் அங்கே இல்லை. ஒன்பது வீடுகளுக்கும் விலாசத்தை அனுப்பிவிட்டு, மெட்ரோவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். சோபாவை எந்தப் பக்கம் தள்ளினால் அத்தனை பேரும் இருக்கலாம் என்பதுதான் அவளுடைய யோசனை.