தெரசம்மாள் பெயருக்கு ஒரு கூடை

காலைப் பெரட்டில் எல்லார் பெயரையும் கூப்பிட்டு முடித்த பிறகு கணக்கு எழுதும் கிராணி சொன்னார்: காட்டில் இறங்கி வேலை செய்யாதவருக்கு இனி அரிசி கிடையாது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், மலாயாவில் எங்கள் தேயிலைத் தோட்டம் ஜப்பான்காரன் கைக்கு வந்த இரண்டாவது வருஷம் அது. அன்றைக்கே ஆயாக் கொட்டகை மூடிக்கொண்டது. அங்கே பத்தொன்பது பிள்ளைகளைப் பார்த்து வந்த தெரசம்மாளும் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாள்.

மற்ற பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். நான் என்ன செய்வேன்? தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளிக்கு நிலம் வெட்டும் ஆண்கள் கூட்டத்தில் நான். வெட்டின கட்டை எந்தப் பக்கம் உருளும் என்று சொல்ல முடியாத சரிவு. மனைவி காய்ச்சலில் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மூன்று வயது மகள் செல்லத்தை, நாங்கள் குடியிருந்த லயத்து அறையில் விட்டு, கதவை வெளியே கம்பியால் கட்டிவிட்டுப் போனேன்.

சாயங்காலம் திறந்தபோது அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். கதவுப் பலகையின் அடியில் நகம் பறண்டிய கோடுகள். விரல் நுனிகளில் ரத்தம் காய்ந்திருந்தது. மறுநாளும் கம்பியைக் கட்டத்தான் வேண்டியிருந்தது.

நாலாம் நாள், பிள்ளையைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்த வேலாயி ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரட்டில் தெரசம்மாள் நிற்பாள், கூடையோடு மலைக்கும் வருவாள். வேலையை மேய்க்கிற கங்காணி அந்தப் பக்கம் திரும்பியதும் கூடையை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு இறங்கிவிடுவாள். பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொருத்தியும் ஆளுக்கு இரண்டு பிடிக் கொழுந்து அந்தக் கூடையில் போட வேண்டும். நிறுவை நேரத்துக்குத் தெரசம்மாள் வந்து தன் கூடையோடு வரிசையில் நிற்பாள்.

நான் செல்லத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"நீ என்னத்த போடுவ கந்தண்ணே? மண்ணா?" என்றாள் வேலாயி. பெண்கள் சிரித்தார்கள்.

"விட்டுட்டுப் போகட்டும் வேலாயி. பச்சப்புள்ள" என்றாள் தெரசம்மாள்.

"இன்னைக்கு இவருக்குச் சும்மான்னா நாளைக்கு எல்லாருக்கும் சும்மாதான். அப்புறம் கூடை எப்படி நெறையும்? நீ என்னத்தத் தின்ப?"

அவள் சொன்னதில் தப்பில்லை. மத்தியானம் மற்ற ஆண்கள் கிழங்கு தின்ன உட்கார்ந்தபோது நான் பெண்கள் மலைக்குப் போனேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல். கொழுந்து தண்டோடு பிய்ந்து வந்தது.

"செடியையா மொட்டை அடிக்கிற? ரெண்டு இலை, ஒரு கொழுந்து. நகம் படக்கூடாது. கிள்ளாத, ஒடி" என்று கையைத் தட்டிவிட்டாள் வேலாயி.

ஆண்கள் என்னைக் கந்தம்மா என்று கூப்பிட்டார்கள். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் உட்காரப் போகவில்லை. மூடுபனிக்குள்ளே தனியாகப் பறித்து, இரண்டு பிடியைப் போட்டுவிட்டுத் திரும்பி வருவேன். கொட்டகைப் பக்கமிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்கும். அதில் செல்லத்தின் குரலைப் பிரித்தெடுக்கப் பார்ப்பேன். அவ்வளவுதான் எனக்குப் பேச்சுத் துணை. அவள் விரல்கள் ஆறிவிட்டன.

இரண்டு மாதம் போனது. ஜப்பான்காரன் சயாமில் ரயில்பாதை போட ஆள் கேட்டு லோரி வந்தது. பெண்டாட்டி இல்லாதவர்களைக் கங்காணி முதலில் நிறுத்தினார்.

"கங்காணி ஐயா, எனக்குப் புள்ள இருக்கு."

"புள்ளயத்தான் ஆயா பார்த்துக்கிறாளே. கூடை எப்படி நெறையுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வாயை மூடிக்கிட்டு ஏறு. நானும் மூடிக்கிறேன்."

நான் வாயைத் திறந்தால் கொட்டகை போய்விடும். ஏறினேன். கூடையோடு வேலாயி ஓடி வந்தாள்.

"ஒன் ரெண்டு பிடிய நான் போடுறேண்ணே."

அப்போது அவள் சிரிக்கவில்லை.

சயாமைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. என்னோடு போன பதினோரு பேரில் மூன்று பேர் திரும்பினோம். அதற்குள் ஜப்பான்காரனும் போய்விட்டான். தானா ராத்தா டவுனிலிருந்து நடந்தே தோட்டத்துக்கு வந்தேன். நேராகக் கொட்டகைக்குப் போனேன்.

கஞ்சி ஊற்றும் நேரம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தெரசம்மாள் என் புண் பிடித்த காலையும் ஒட்டின கன்னத்தையும் பார்த்து, கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். தட்டு கொடுத்துக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பெண் என் முன்னால் வந்து நின்றாள். செல்லம். அவள் அம்மாவின் அதே நெற்றி. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"புதுசா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அழக்கூடாது. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. இங்க உக்காரு."

கையில் ஒரு தகரத் தட்டைக் கொடுத்தாள். வரிசையின் கடைசியில் உட்கார்ந்தேன்.