ஞாயிற்றுக்கிழமைக் குளியல்

என் வீட்டில் இரண்டரை மீட்டர் நீளத்துக்கு ஒரு சாரைப்பாம்பு இருக்கிறது. பெயர் ஹெத்விகா. தைவான் காட்டுச் சாதி என்றாலும், பிறந்தது பக்கத்து ஊரில் ஒரு பல் டாக்டர் வீட்டுப் பெட்டியில். விரல் தடிமனில் வாங்கி வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இப்போது என் மணிக்கட்டு அளவுக்குப் பருமன்.

மலைப்பாம்பு வளர்ப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் பாம்புச் சங்கத்தில் பாதிப்பேர் அந்த ரகம். ஒரு எலியைத் தின்றுவிட்டு வாரம் முழுக்க மூலையில் கிடக்கிற ஜீவனைக் காட்டி, "எவ்வளவு சாது பாருங்க" என்று பெருமைப்படுவார்கள். என் சோபா மெத்தைகூடத்தான் சாது. சாரை அப்படியில்லை. விடிந்ததிலிருந்து ஏறும், இறங்கும், கண்ணாடியை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கும். நான் காபி கலந்தால் கிளையில் தொங்கியபடி எட்டிப் பார்க்கும். ஒஸ்த்ராவா நகரத்தில் முப்பது வருஷமாக டிராம் ஓட்டுகிறவள் நான். ஓரிடத்தில் கிடக்காத பிறவிகளோடுதான் எனக்கு ஒத்துப்போகும்.

லுபோர் குழாய் வேலை செய்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சமையலறைக் குழாய் ஒழுகியபோது வந்தான். அறுபது வயது, மனைவி இறந்து ஆறு வருஷம், கதவை அடைக்கிற தோள். வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்தான். கூடத்துக் கூண்டிலிருந்து ஹெத்விகா எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், ஆறு மாடியையும் படியிலேயே இறங்கி ஓடிவிட்டான். கருவிப் பெட்டி என் வீட்டிலேயே கிடந்தது. மறுநாள் போன் வந்தது. "அந்தப் பெட்டியக் கொஞ்சம் லிப்டுல வெச்சு கீழ அனுப்ப முடியுங்களா?" பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது சரிதான், ஆனால் ஆயுதத்தை லிப்டில் அனுப்பச் சொன்ன படையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்த இடத்தில் ஒரு கிண்ணம் சூப் தந்தான். அப்படி ஆரம்பித்தது.

அவன் தங்கை வீட்டில் ஒற்றை அறையில் இருந்தான். என்னைப் பார்க்க வந்தால் கூடத்துக்கு முதுகைக் காட்டாமல், சமையலறை நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவான். போன மாதம் அந்த நாற்காலியில் இருந்தபடிதான் சொன்னான்.

"கிறிஸ்துமஸுக்கு மொத்தமா வந்துடறேன், யர்மிலா. ஆனா ஒண்ணு. அவ கூண்டுக்கு உள்ள, நான் கூண்டுக்கு வெளிய. என்னிக்காவது இது மாறுச்சுன்னா சூட்கேஸத் தூக்கிட்டுப் போயிடுவேன். கோவிச்சுக்காத. நான் பயந்தாங்கொள்ளி, என்னால முடியாது."

"பதினாலு வருஷத்துல அவளா ஒரு நாள் வெளிய வந்தது இல்ல."

"ஞாயித்துக்கெழமை குளிக்கத் தூக்கிட்டுப் போறியே?"

"அது நான் தூக்கறது. பத்தரைக்குத் தொட்டியில விட்டா பதினொண்ணுக்குக் கூண்டுல இருப்பா. நீ அந்த நேரத்துல போய்ப் பேப்பர் வாங்கிட்டு வா."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு ஆளுக்காக நாள்காட்டியில் தேதி கிழிப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. கிழித்தேன். அலமாரியில் பாதியைக் காலி செய்தேன். ஒரு தலையணையும் வாங்கினேன்.

இருபத்துமூன்றாம் தேதி காலை கண் விழித்துப் பார்த்தால், கூண்டின் கண்ணாடி நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே கிளை இருந்தது, தண்ணீர்ச் சட்டி இருந்தது, ஹெத்விகா இல்லை.

தப்பு முழுக்க என்னுடையது. முந்தின நாள் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "மீன் வாங்கிட்டேன், மூணு கிலோ, இன்னும் துள்ளுது" என்றான் லுபோர். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தில் எனக்குப் பூட்டு மறந்துவிட்டது. மலைப்பாம்பாக இருந்தால் ஒரு வாரம் திறந்து கிடந்தாலும் கண்டுபிடித்திருக்காது.

சூட்கேஸோடு பத்து மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறான். பாம்பு சூட்டைத் தேடித்தான் போகும் என்று பிரிட்ஜுக்குப் பின்னால் தேடினேன், அடுப்புக்கு அடியில் தேடினேன், ஹீட்டர் ஒவ்வொன்றையும் தடவினேன். செருப்பு அலமாரியைக்கூடக் குனிந்து பார்த்தேன். குளியலறையில் மட்டும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அங்கே சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு; அதற்குப் பின்னால் எட்டு மாடிக் குழாய்களும் ஒரே குழியில் மேலும் கீழும் போகின்றன. அதற்குள் இறங்கிய பாம்பை யாரும் உயிரோடு பார்த்ததில்லை. கதவின் கொண்டி உடைந்து மூன்று மாதம். "நாளைக்கு மாட்டறேன்" என்று லுபோர் தொண்ணூறு தடவை சொல்லியாகிவிட்டது. ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுகிறவனுக்கு என் வீட்டுக் கொண்டி மட்டும் நாளைக்கு. நான்தான் தண்ணீர் நிரப்பிய வாளி ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். வாளி அசையாமல் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் அழுதேன்.

பிறகு பாம்புக்காரர்கள் செய்வதைச் செய்தேன். மீன் பொரிக்க வைத்திருந்த மாவு முழுவதையும் எடுத்து, ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு முழ அகலத்துக்குத் தூவினேன். எங்கே ஊர்ந்து போனாலும் தடம் தெரியும். காலிக் கூண்டின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். மணி அடித்தது.

லுபோர் ஒரு கையில் சூட்கேஸும் ஒரு கையில் மீன் பையுமாக நின்றான். முடி வெட்டியிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

"இது என்ன, தரையெல்லாம் மாவு?"

"எறும்பு."

"டிசம்பர்லயா? ஆறாவது மாடியிலயா?"

"எங்க வீட்டு எறும்புக்கு ஹீட்டர் இருக்கு. பேசிட்டே நிக்காத, மீன் மூச்சுத் திணறுது பாரு."

போர்வை போட்ட கூண்டை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"தோல் உரிக்கப் போறா, வெளிச்சம் ஆகாது" என்றேன்.

"நல்லதாப் போச்சு. என் கண்ணுக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, மாவை மிதிக்காமல் கால் அகட்டித் தாண்டித் தாண்டிப் போனான், மூன்று கிலோ மீனைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு.

கிறிஸ்துமஸ் மீனை உயிரோடு வாங்கி, பொரிக்கும்வரை குளியல் தொட்டியில் விட்டு வைப்பது எங்கள் ஊர் வழக்கம். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை குளியலறை வாசல்வரை போனேன். அவன் உள்ளே மீனிடம் பேசிக்கொண்டிருந்தான். "இடம் பிடிச்சிருக்கா? நானும் இன்னிக்குத்தான் குடி வந்தேன்." இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சொல்ல?

மறுபடி மணி அடித்தது. கீழ்வீட்டு குபீச்கோவா அம்மாள், கையில் கோப்பையோடு.

"யர்மிலா, ஒரு கப் மாவு இருக்குமா? மீனுக்குப் பத்தாது போலிருக்கு."

"தீந்துடுச்சுங்க."

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அப்ப அது?"

"அது தரையில இருக்கறது."

"அது தெரியுது. உங்க வீட்டு மகாராணி சௌக்கியமா?"

"தூங்கறாங்க."

"பாம்பு வளக்க ஆட்சேபணை இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டதே நீங்க பூட்டி வெப்பீங்கங்கற நம்பிக்கையிலதான். ஞாபகம் இருக்கட்டும்" என்று ஆரம்பித்து, லிப்ட் சத்தம், எதிர்வீட்டு நாய், மாடிப்படி துடைக்காதவர்கள் என்று ஒரு சுற்று வந்துதான் போனார். கதவைச் சாத்தித் திரும்பினேன்.

குளியலறை வாசல் மாவில், நடுவில், உள்ளங்கையால் தடவினாற்போல ஒரு வளைந்த தடம். செருப்பு அலமாரிப் பக்கத்திலிருந்து வந்து உள்ளே போயிருந்தது. உள்ளே மட்டும்தான் போயிருந்தது. கதவு சாத்தியிருந்தது. சுவர்க்கடிகாரத்தில் பத்தே முக்கால்.

ஞாயிற்றுக்கிழமை! தலையில் அடித்துக்கொண்டேன். சூடான இடம் ஒன்று பாக்கியில்லாமல் தேடினேன். அவள் குளியல் நாள் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. மீன் நினைப்பில் நான் மறந்தேன். பதினான்கு வருஷப் பழக்கம், தண்ணீர் வாசனை வந்ததும் அவள் தன் தொட்டிக்குப் போய்விட்டாள்.

உள்ளே சத்தமே இல்லை. மயங்கி விழுந்திருப்பான் என்று நினைத்தேன்.

"லுபோர்?"

"ம்." குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"லுபோர், நான் ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. மெதுவா கதவத் தொற. கால அடிச்சந்துல வெச்சு அடச்சுக்கிட்டே வா. வெளிய போயிடப் போகுது."

திறந்தேன். ஹெத்விகா வாலைக் குழாயில் சுற்றிக்கொண்டு, பாதி உடம்பைத் தொட்டித் தண்ணீரில் நீட்டியிருந்தாள். மீன் எதிர்க்கோடியில் ஒதுங்கிச் செவுளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. லுபோர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. முதுகை அந்தச் சின்னக் கதவில் அழுத்தி வைத்திருந்தான். முட்டுக்கு இருந்த வாளி தொட்டிக்குப் பக்கத்தில் காலியாக நின்றது. மீனுக்குத் தண்ணீர் ஊற்ற அவன்தான் எடுத்திருக்கிறான்.

"என் கால ஒரசிக்கிட்டுத்தான் வந்துச்சு" என்றான், உதட்டை அசைக்காமல். "வந்ததும் நேரா இந்தக் கதவத்தான் மோந்துச்சு. சந்து தெரிஞ்சுது. உள்ள போனா எட்டு மாடி, யர்மிலா. வாளியத் தூக்க அதுமேலதான் குனியணும். அதான் உக்காந்துட்டேன்."

குளியலறை வாசல் அவனுக்கு இரண்டடிதான். இவன் ஒருமுறை ஆறு மாடி இறங்கி ஓடியவன்.

"வாசக் கதவையும் நீயா சாத்துன?"

"பின்ன மீனா சாத்தும்? மொதல்ல அவளத் தூக்கு, தாயே."

தூக்கினேன். சொட்டச் சொட்டத் தோளில் ஏறி, இரண்டு கையையும் சுற்றிக்கொண்டாள். "நேத்தே வெளிய வந்துட்டா, லுபோர். பூட்ட மறந்தது நான்தான். எறும்பும் பொய், தோல் உரிக்கறதும் பொய். நீ போறதா இருந்தா போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். சொல்லும்போதே போய்விடாதே என்று மனசு கத்தியது.

"போறதா? கால் மரத்துப்போய்க் கெடக்கு. எந்திரிக்கவே முடியல. கையக் குடு."

"எந்தக் கைய? ரெண்டுலயும் இவ."

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் முழங்கையை அவளோடு சேர்த்துப் பிடித்து எழுந்தான். எழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"வழவழன்னு இருக்கும்னு நெனச்சேன்" என்றான் கண்ணைத் திறக்காமலே. "மழைக்கோட்டு மாதிரிதான் இருக்கா."

ஹெத்விகாவைக் கூண்டில் விட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். திரும்பினால் லுபோர் கூடத்தில் மண்டியிட்டுச் சூட்கேஸைத் திறந்துகொண்டிருந்தான். இறுக்கி மூடத்தான் திறக்கிறானோ என்று எனக்கு மறுபடி பயம். அவன் சட்டைகளைத் தள்ளி, அடியிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து உதறினான். புத்தம்புதிய இரும்புக் கொண்டியும் நாலு திருகாணியும் கம்பளத்தில் விழுந்தன.

"வந்ததும் மொத வேலையா மாட்டணும்னுதான் கொண்டு வந்தேன். மீன் முந்திக்கிச்சு" என்றான். "திருப்புளி எங்க வெச்சிருக்க?"