காற்றுக்குப் போட்ட பலகை

1

இந்தக் கதை என் அறியாமையிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தாங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "டிரெய்லர் லாரிக்கு ரெண்டு பக்கமும், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல, கீழ நீளமா பலகை மாட்டியிருக்கீங்களே, அது அழகுக்குத்தானே?"

அக்கா டிரெய்லர் பட்டறையில் வேலை செய்கிறவள். அந்தப் பலகைகளைச் செய்து மாட்டுவதுதான் அவள் வேலை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அழகுக்கா? நீ எழுதற கதைதான்டா அழகுக்கு. அது வேலை செய்யுது."

பக்கத்தில் அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அத்தான் டிரெய்லர் ஓட்டுகிறவர். அக்காவின் பலகைகள் முதன்முதலாக மாட்டப்பட்டதே அவருடைய வண்டியில்தான். இவ்வளவு வசதியாக ஒரு குடும்பம் அமைந்தும் கதை எழுதாவிட்டால் நான் எதற்கு?

2

முதல் வரி, முயற்சி ஒன்று: "நெடுஞ்சாலையில் காற்று ஓலமிட்டது." (காற்று ஓலமிட்டு நான் கேட்டதில்லை. அடித்தாயிற்று.)

முயற்சி இரண்டு: "அவள் கைகளில் எண்ணெய் படிந்திருந்தது, ஆனால் அவள் மனத்திலோ" (மனத்தில் என்ன படிந்திருந்தது என்று தெரியவில்லை. வாக்கியம் அங்கேயே நிற்கட்டும், வழியை மறிக்காது.)

முயற்சி மூன்று, கட்டுரைத் தோரணையில்: லாரி வேகமாகப் போகும்போது காற்று சும்மா ஒதுங்கி வழிவிடுவதில்லை. பெட்டிக்கு அடியில் காலியாக இருக்கும் இடத்தில் புகுந்து, அச்சிலும் பின் சக்கரங்களிலும் முட்டி, சுழன்று, வண்டியைப் பின்னால் இழுக்கிறது. எஞ்சின் சரக்கையும் இழுத்து இந்தக் காற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். பலகை இருந்தால் காற்று உள்ளே புகாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடும். டீசல் மிச்சம்.

(ஓர் இடைச்செருகல். பைக்கில் போகிறவர்கள் அடியில் விழாமல் இருக்கத்தான் இது என்று நான் நினைத்தேன். அக்கா பல்லைக் கடித்தாள். "அதுக்குத் தனியா இரும்புத் தடுப்பு இருக்குடா. இது காத்துக்குப் போட்டது, ஆளுக்கு இல்ல. இத நம்பி லாரிய ஒட்டிக்கிட்டுப் போயிடாத." இதை எழுதாமல் விட்டால் கொன்றுவிடுவேன் என்றும் சொன்னாள். எழுதிவிட்டேன்.)

பட்டறையில் இதற்கு ஸ்கர்ட் என்று பெயர். மற்ற டிரைவர்கள், "என்னப்பா, வண்டிக்குப் பாவாடை கட்டிவிட்டிருக்கே?" என்று அத்தானைக் கிண்டல் செய்தார்களாம். "கட்டினது என் பொண்டாட்டி. வாய அடக்கிப் பேசு" என்றாராம் அத்தான். வம்பு வேண்டாம். நான் பலகை என்றே எழுதுகிறேன்.

3

கதை என்றால் யாருக்காவது ஏதாவது பறிபோக வேண்டும். இதில் அக்காவுக்கு.

பலகை யோசனையை முதலாளியிடம் கொண்டுபோனவள் அவள்தான். மாதக்கணக்கில் அவர் பின்னாலேயே அலைந்து சம்மதிக்க வைத்தாள். முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். ஒரே ஒரு வண்டியில் மாட்டி, மூன்று நடை போய்வந்து, டீசல் குறைந்தால் எல்லா வண்டிக்கும் பலகை, அக்காவுக்குத் தனிப் பிரிவு. குறையாவிட்டால் பலகைகள் பழைய சாமான் குவியலுக்கு, அக்கா பழையபடி வண்டி கழுவும் இடத்துக்கு.

இன்னொரு நிபந்தனையும் உண்டு, கதையின் குடுமி அதன் கையில்தான் இருக்கிறது. டீசலைச் சோதிக்கிறோம் என்று டிரைவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் வேண்டுமென்றே பதமாக ஓட்டுவார், கணக்கு பொய்யாகிவிடும். டிரைவர் சொந்தப் புருஷன் என்றாலும் அக்கா வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு நேர்மை. எனக்கெல்லாம் வராது.

முதல் நடை முடிந்தது. டீசல் செலவு ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன்டா" என்றாள் அக்கா. அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "நீதான் வேல வெட்டி இல்லாம இருக்கியே. அடுத்த நடைக்குக் கூடப் போய்ப் பாரு. ஆனா டீசல் விஷயத்த அவர்கிட்ட மூச்சு விடக்கூடாது. உங்க அத்தான் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

4

(இந்த இடத்தில் அத்தானை டீசல் திருடனாக்கி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் மிச்சச் சில்லறையைத் திருப்பிக் கொடுக்க ஒரு கிலோமீட்டர் நடக்கிறவர். கிழித்துப் போட்டேன்.)

நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஊர் எல்லை தாண்டியதும் ஒரு பஞ்சர் கடை. அத்தான் வண்டியை ஓரங்கட்டினார். ஸ்பானரோடும் ஒரு கம்பளியோடும் இறங்கினார். பஞ்சர் கடைக்காரரும் ஓடிவந்தார். இரண்டு பேருமாகப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பளியில் பொத்தி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய், கடையைச் சுற்றி நிறுத்தினார்கள்.

நானும் கீழே குதித்தேன். "அத்தான், என்ன பண்றீங்க?"

"உனக்குத் தெரியாது மாப்ள. மாட்டின புதுசுல ஒரு நாள் நடைபாதைக் கல்லுல உரசி ஒரு கீறல் விழுந்துடுச்சு. உங்க அக்கா என்ன சொன்னா தெரியுமா? 'ராப்பகலா செஞ்சது. உடைக்கத்தான் கொண்டுபோனீங்களா'ன்னு. ஒரு வாரம் பேசல மாப்ள, ஒரு வாரம். சமையக்கட்டுல பாத்திரம்தான் பேசுச்சு. இப்ப பாரு, போகும்போது இங்க வச்சிட்டுப் போறேன். வரும்போது மாட்டிக்கிறேன். பளபளன்னு போய் நிக்குது. முதலாளிகூட தடவித் தடவிப் பாக்கறாரு. பலகை எத்தன நாள் தாங்குதுன்னுதான் பாக்கறாங்க போல. நான் இருக்கற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகாது."

நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அத்தான் மேலேயே சத்தியம் செய்திருக்கிறேனே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மீறுவது? விழுங்கினேன்.

"இத உங்க அக்காகிட்ட சொல்லிடாத. அவ மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். உலகத்திலேயே இப்படி வசமாக மாட்டிக்கொண்ட மச்சினன் நானாகத்தான் இருப்பேன்.

5

பஞ்சர் கடைக்காரர் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வாசகர் நம்புவாரா?

"சார், அருமையான பொருள் சார்" என்று என்னிடம் சொன்னார். "ரோட்டுக் காத்துல என் அடுப்பு நிக்கவே நிக்காது. இத வச்சதுலேருந்து திரி மாதிரி அசையாம எரியுது."

அதாவது, அக்காவின் பலகை காற்றைத் தடுக்கிறது என்று இந்த உலகத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் டீ போட்டுக்கொண்டிருந்தார். அத்தான் பதறி, "அடுப்பத் தள்ளி வைய்யா, சூடு பட்டா நிறம் போயிடும்" என்றார். இதை நான் கற்பனை செய்திருந்தால் ரொம்ப அதிகம் என்று நானே வெட்டியிருப்பேன்.

இரண்டாவது நடையிலும் டீசல் குறையவில்லை. முதலாளி அக்காவிடம், "அடுத்த நடையோட முடிச்சுக்கலாம்மா" என்றார்.

6

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம். எழுதமாட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. இதுவரை எழுதியதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தவறுதலாகத்தான்.*

* இல்லை.

திரும்பி வந்தபோது அக்கா கடைசிப் பக்கத்தில் இருந்தாள்.

"என் கையில எண்ணெய்னு எழுதியிருக்கே. அது கிரீஸ்டா."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"கூறுகெட்ட மனுஷன்" என்றாள். "பலகை போனா நான் வேற செய்யமாட்டேனா? இத்தன வருஷம் கூட இருந்து, நான் எத நெனச்சுக் கத்தறேன்னு தெரிய வேணாம்?"

அவளுக்கு அவர் மேல் கோபம் இல்லை. தன் மேல்தான். பார்த்துக்கொண்டிருக்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

7

முடிவு ஒன்று, என் யோசனை: போல்ட்டை எடுத்துவிட்டு ரிவெட் அடித்துவிடலாம். அத்தானால் கழற்றவே முடியாது. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "பயந்து பயந்து ஓட்டிக்கிட்டு இருப்பாருடா. எங்கயாவது உரசுமோ உரசுமோன்னு மனுஷனுக்குத் தூக்கம் வராது."

முடிவு இரண்டு, அக்காவின் யோசனை: கழற்றுவது தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல், அன்று சாப்பிடும்போதே சொன்னாள். "இந்தாங்க, பலகையில கீறல் விழுந்தா விழட்டும். அன்னைக்கு ஏதோ கோவத்துல கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

அத்தான் நெகிழ்ந்துபோய்விட்டார். "சரிம்மா" என்றார். கை கழுவும் இடத்தில் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "பாத்தியா மாப்ள, எவ்வளவு பெரிய மனசு. இவளுக்காக இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். ஸ்பானரோடு இந்த முறை இரண்டு கம்பளிகள் வண்டியில் ஏறின.

முடிவு மூன்று: மறுநாள் வண்டி கிளம்புவதற்கு முன் பட்டறைக்குப் போனோம். அக்கா முதல் பலகையைக் கழற்றித் திருப்பினாள். உட்புறத்தில், கழற்றுகிறவன் கண்ணுக்கு மட்டும் படுகிற இடத்தில், பெயிண்டால் ஏதோ எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். முழங்கையால் விலாவில் ஒரு இடி விழுந்தது.

"டீசல் விஷயமா?"

"சீ. முதலாளிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இது எங்க விஷயம்."

காய்ந்ததும் மாட்டிவிட்டாள். எழுதுகிறவன் நான், எழுதியவள் அவள், என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. இப்படி ஒரு கேவலம் எந்த எழுத்தாளனுக்கும் நேரக்கூடாது.

8

இந்தப் பகுதியில் அத்தான் பலகைகளோடு போய், டீசல் மிச்சமாகி, முதலாளி அக்காவுக்குக் கை கொடுப்பதாக எழுத ஆரம்பித்தேன். "முதலாளியின் கண்கள்" என்ற இடத்தில் போன் அடித்தது.

பஞ்சர் கடைக்காரர்.

"சார், உங்க அத்தானுக்கு உடம்பு சரியில்லையா? ஒரே ஒரு பலகையத்தான் கழட்டினாரு. திருப்பிப் பாத்தாரு. அப்படியே ரோட்டோரம் உக்காந்துட்டாரு. சிரிக்கறாரா அழறாரான்னே தெரியல. பக்கத்துல போனா நெஞ்சோட சேத்து மறைச்சுக்கறாரு. இப்ப உங்க அக்காவுக்குப் போன் போட்டுக் குடுன்னு கேக்கறாரு, என்கிட்ட உங்க நம்பர்தான் இருக்கு. அத மாட்டறதா, மிச்சத்தையும் கழட்டறதான்னு அவங்ககிட்ட கேக்கணுமாம். சார், லைன்ல இருக்கீங்களா?"

அக்கா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "என்கிட்ட குடுக்காத" என்று கையை ஆட்டுகிறாள். "நான் பேசினா டீசல் கதையும் சேத்து வாயில வந்துடும்டா. முதலாளிக்கு வாக்குக் குடுத்துட்டேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.

நானும் பேச முடியாது. அத்தான் மேல் ஒரு சத்தியம், அக்கா மேல் ஒரு சத்தியம். ஒரு வார்த்தை தவறினாலும் இரண்டில் ஒன்று போய்விடும்.

மறுமுனையில் கை மாறுகிற சத்தம். இப்போது அத்தானின் குரல், கொஞ்சம் கரகரத்து: "ஹலோ... ஏம்மா... நீயா?"

நீங்கள் யாருக்கும் எந்தச் சத்தியமும் செய்து கொடுக்கவில்லையே? இந்தாருங்கள், பேசுங்கள்.