சேவல் போன பதினோராம் நாள்

மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கப் போய்ப் பெண்டாட்டியைப் பகைத்துக்கொண்டவர் வேலுமணி. வடமதுரைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் முருங்கை போட்டிருக்கிறார். நல்ல மனிதர்தான். என்ன, யாராவது ஆசையாக ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும், அது யார் வீட்டுப் பொருள் என்றுகூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கனகா பெருமாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம். திருப்பூரிலிருந்து தங்கச்சி மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். "பிராய்லரெல்லாம் வேணாம் மச்சான். நாட்டுக்கோழி ருசியே மறந்துபோச்சு" என்றார். அதற்குமேல் வேலுமணிக்குக் கை நிற்குமா? வாசலில் மேய்ந்துகொண்டிருந்த செவலைச் சேவலை அமுக்கிப் பிடித்தார். மத்தியானத்துக்குள் அது சட்டியில் கொதித்தது.

அந்தச் சேவல் கனகாவுடையது. ஆத்தூரிலிருந்து ஒரே ஒரு முட்டையைத் தவிட்டுக்குள் பொதிந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, அடைவைத்து, பொரித்து, வளர்த்தது. வீட்டிலிருந்த நாலு பெட்டைக்கும் அது ஒன்றுதான் துணை. தெருப் பெண்களெல்லாம் தங்கள் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கனகா, செத்த நேரம் உன் சேவலோட விட்டுக்கிறேன்டி" என்று வந்து நிற்பார்கள். அப்போது கனகாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கலெக்டர் தோற்றார்.

கோயிலிலிருந்து வந்தவள் குப்பைமேட்டில் கிடந்த இறகுகளைப் பார்த்தாள். எல்லாருக்கும் பரிமாறினாள். தான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்றோடு வேலுமணியிடம் பேச்சை நிறுத்தினாள்.

பேச்சுத்தான் நின்றதே தவிர சாப்பாடு நிற்கவில்லை. தினமும் காலையில் பெட்டைகள் இட்ட முட்டையை எடுத்து ஆம்லெட் போட்டு, தட்டை நங்கென்று வைப்பாள். "சேவல்தான் போயிருச்சே, இனி இடுறதெல்லாம் கூமுட்டை. திங்கிறவுக தின்னட்டும்" என்று கோழிகளைப் பார்த்துச் சொல்வாள். வேலுமணியும் தின்றார். பாவி மனுசர், சில நாள் இன்னொன்றுகூடக் கேட்டார்.

பதினோராம் நாள் வியாழக்கிழமை. வேறு சேவல் ஒன்றை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணிவிடலாம் என்று அய்யலூர்ச் சந்தைக்குப் போனார். நாட்டுக்கோழி வியாபாரி இஷாக்கிடம் போனில் பழைய சேவலின் படத்தைக் காட்டி, நடந்ததையும் சொல்லி, "இதே மாதிரி ஒண்ணு வேணும் பாய்" என்றார்.

"இதே மாதிரி வேணும்னா இதோட வாரிசுதான் வேணும். வீட்டுல பெட்டைக இப்ப முட்டை இடுதா?"

"இட்டு என்ன செய்ய? சேவல் இல்லையே. முருங்கைன்னா ஒரு கொம்ப வெட்டி நட்டாப் போதும், அதே மரம் வந்துரும். சேவல் கால நட்டா சேவல் வருமா?"

"அசுவினிப் பூச்சிக்கு ஆண்கூட வேணாம்ண்ணே. பொட்டையே பொட்டையாப் பெத்துத் தள்ளும். கோழிக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஆனா வேற ஒண்ணு இருக்கு. சேவல் மிதிச்சதுக்கப்புறம் அந்த விந்தப் பெட்டை வயித்துக்குள்ளயே சேத்து வச்சுக்கும். சேவல் போனாலும் ஒரு வாரம், பத்து நாளைக்கு இடுற முட்டையில கரு இருக்கும். அதுக்கப்புறமும் ஒண்ணு ரெண்டு தேறும். இன்னைக்கு எத்தனாவது நாளு?"

வேலுமணி விரல் விட்டு எண்ணினார். முகம் செத்துப்போயிற்று. "பதினொண்ணு."

"அப்ப இதுவரைக்கும் இட்ட முட்டையெல்லாம்?"

"ஆம்லெட் போட்டுத் தின்னுட்டேன் பாய்."

இஷாக் தலையில் அடித்துக்கொண்டார். "சேவல் வாங்குறது கெடக்கட்டும். மொதல்ல வீட்டுக்குப் போங்கண்ணே" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது வைக்கோலில் புதிதாக ஒரு முட்டை கிடந்தது. அதை எடுத்து ஒளித்துவைத்தார். அடுத்த இரண்டு நாளும் கனகாவை முந்திக்கொண்டு கூட்டுக்குப் போனார். மொத்தம் ஐந்து தேறியது. கனகாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆசையைக் காட்டிவிட்டு அத்தனையும் கூமுட்டையாகப் போனால், இந்த ஜென்மத்தில் அவள் வாய் திறக்கமாட்டாள் என்று பயம். "வீட்டுக்குள்ள கீரி பூந்துருச்சு போல" என்று கனகா சுவரைப் பார்த்துச் சொன்னாள். கீரி தலையைக் குனிந்துகொண்டு பழைய சோறு தின்றது.

அடுத்த வீட்டுச் சிவனம்மாளிடம் அடைக்கோழி ஒன்று இருந்தது. சனிக்கிழமை கூடையில் மணல் பரப்பி, இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று பயந்து ஒரு கரித்துண்டும் மிளகாய் வத்தலும் போட்டு, ஐந்து முட்டையையும் அதற்கடியில் வைத்தார்கள். "என் வாயிலருந்து ஒரு வார்த்தை வெளிய போகாதுண்ணே" என்று சத்தியம் செய்தாள் சிவனம்மாள்.

ஏழாம் நாள் கம்பளிக்குள் புகுந்துகொண்டு, போன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தார் வேலுமணி. மூன்றில் வெளிச்சம் தடையில்லாமல் ஊடுருவியது. அத்தனையும் கூமுட்டை. மற்ற இரண்டிலும் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. நடுவில் கடுகளவு ஒன்று துடித்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர் கம்பளிக்குள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இருபத்தோராம் நாள் காலையில் அவர் போனபோது கூடைக்குப் பக்கத்தில் கனகா உட்கார்ந்திருந்தாள். சிவனம்மாளின் சத்தியம், செய்த அன்று சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லையாம். தினமும் வந்து அடைக்கோழிக்குக் கம்பு போட்டதே கனகாதானாம். தன் கையாலேயே பத்து நாள் முட்டையை உடைத்தோமே என்று விஷயம் தெரிந்த அன்றே அவளும் அழுதிருக்கிறாள்.

கோழியின் இறக்கைக்கு அடியிலிருந்து ஈரம் காயாத இரண்டு குஞ்சுகள் எட்டிப்பார்த்தன.

"ரெண்டு தேறியிருக்கு" என்றார் வேலுமணி. குஞ்சைப் பார்த்ததும் பேசிவிடுவாள் என்று நினைத்தார். கனகாவோ குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரைச் சுற்றி என்னென்னவோ செய்துவிட்டு, செய்யவேண்டிய ஒன்றைச் செய்யவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அது உன் சேவலு. கேட்டா நீ தரமாட்டேன்னு தெரியும். அதனாலதான் கேக்காமப் பிடிச்சேன். தப்புத்தான் கனகா."

கனகா நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஒரு முட்டை குஞ்சாகுறதுக்கு இருபத்தோரு நாளு. உங்க வாயிலருந்து இந்த ஒரு வார்த்தை வர முப்பத்துநாலு நாளு ஆயிருக்கு" என்றாள்.