மூன்று டாலர் உறைக்குள் பிரிட்டோ

பொட்டலம் கட்டுவதில் ஓஹையோவில் இருக்கிற எங்கள் டொலீடோ ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானாகச் சொல்லிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் இணையக் கடையில் வாங்கிய இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். 'கார்டு அருமை, கட்டிய விதம் அதைவிட அருமை' என்று ஒருவர் போட்டிருந்ததை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பெருமை முழுவதும் செப்டம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மண்ணாகிப் போனது.

கடை எனக்கும் வெண்டலுக்கும் பொது. வெண்டல் என் முன்னாள் கணவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து ஆனபோது வீடு எனக்கு, படகு அவனுக்கு என்று சுலபமாகப் பிரித்துக்கொண்டோம். கார்டு வியாபாரத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. அவனுக்கு வாங்கத் தெரியும், விற்கத் தெரியாது. எனக்கு நேர் எதிர். பேஸ்பாலில் ஒரு பையன் பெரிய அணிக்கு ஆட வரும் முதல் வருஷம் அவன் படம் போட்டு வரும் கார்டுக்குத்தான் மவுசு. பையன் பத்து நாள் வெளுத்துக் கட்டினால் விலை ஏறும், பத்து நாள் சொதப்பினால் இறங்கும். ஏறும்போது தள்ளிவிட வேண்டும், பையன் மேல் பாசம் வைக்கக் கூடாது. வெண்டல் எல்லார் மேலும் பாசம் வைப்பான். எங்கள் கல்யாணமே அதனால்தான் கெட்டது, ஆனால் அது வேறு கதை.

ஓசியல் பிரிட்டோவின் கார்டை ஜூன் மாதம் யாருக்கும் அவன் பெயர் தெரியாதபோது வெண்டல் நூற்று நாற்பது டாலருக்கு வாங்கினான். பிரிட்டோ கையெழுத்துப் போட்டது. உலகத்திலேயே அந்த மாதிரி இருபத்தைந்துதான் அச்சிட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் பையன் பேய் பிடித்தவன் போல ஆடினான். செப்டம்பரில் நான் கார்டை விற்பனைக்குப் போட்டேன், அந்த வாரச் செவ்வாய்க்கிழமை மூவாயிரத்து நூறு டாலருக்குப் போனது.

"என் பங்கு வேண்டாம். மொத்தத்தையும் உன் முட்டிக்கு வச்சுக்க" என்றான் வெண்டல்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தேழு வருஷம் நின்று நின்று என் வலது முட்டி தேய்ந்துவிட்டது. மாற்று முட்டி வைக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு கொடுத்துவிடும், அதற்குப் பிறகு ஆறு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தால் சம்பளம் யார் கொடுப்பது? அதைக் காரணம் சொல்லி இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டிருந்தேன். மூன்றாவது தேதி அடுத்து வரும் வியாழக்கிழமை. பிரிட்டோ கார்டின் விலை என் ஆறு வாரச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட சரியாக இருந்தது.

இதில் ஒரு சிக்கல். விற்ற நாளிலிருந்து பிரிட்டோவுக்கு மட்டை பிடிக்க மறந்துபோயிற்று. பதினேழு முறை அடிக்க நின்றான், பதினேழு முறையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான். வாங்கியவர் பதறிப்போனார். 'அனுப்பியாச்சா?' 'இன்னுமா அனுப்பல?' என்று செய்தி மேல் செய்தி. அக்கறை ஒன்றும் இல்லை, கழன்றுகொள்ள வழி தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? கடை விதிப்படி சனிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அவர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை காலை வெண்டல் காபியோடு வந்தான். நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கார்டுப் பெட்டியைத் திறந்தேன். பிரிட்டோ இருக்க வேண்டிய கெட்டி பிளாஸ்டிக் கூட்டில் மீசை வைத்த ஒரு ஆள் இளித்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவன். அவன் கார்டைக் குப்பையில் போட்டால் குப்பைக்காரன் திருப்பிக் கொடுப்பான்.

"வெண்டல், இது யாருய்யா?"

"அட, இவனா! இவன் பந்த நல்லா பிடிப்பானே, ஒரு தடவ..."

"வாய மூடு. பிரிட்டோ எங்க?"

பெட்டியைக் கவிழ்த்தோம், மேஜைக்கு அடியில் தவழ்ந்தோம். நான் தவழவில்லை, என்னால் முடியாது, அவன் தவழ்ந்தான். பிரிட்டோ இல்லை. அப்போதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கட்டிய உறை ஞாபகம் வந்தது.

மலிவான கார்டுகளை நாங்கள் சாதாரணக் கடித உறையில்தான் அனுப்புவோம். வளையாமல் இருக்க, விலைபோகாத இரண்டு கார்டுகளை எடுத்து, முகம் உள்ளே பார்க்க, முதுகு வெளியே தெரிய, வாங்கியவருடைய கார்டை நடுவில் வைத்து நீல டேப் போட்டு ஒட்டுவோம். ரொட்டிக்கு நடுவில் ஜாம் வைப்பதுபோல. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் செய்வதுதான். கடந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரே ஒரு மூன்று டாலர் உறை கட்டினேன். வெண்டல் இணையத்தில் போடுவதற்காகப் பிரிட்டோவைப் படம் எடுத்துவிட்டு மேஜையில் குப்புற வைத்திருந்தான். கவிழ்த்து வைத்தால் எல்லாக் கார்டும் ஒரே முதுகுதான். மீசைக்காரனைப் பிரிட்டோ என்று நினைத்துக் கூட்டில் போட்டுப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மூவாயிரத்து நூறு டாலரை ரொட்டியாக்கி இந்தியானாவில் இருக்கிற மன்சி ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

வாங்கியவர் பெயர் கிளைட் ஓபர்மேயர். செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. உறை வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டது.

"ரெண்டரை மணி நேரம். வண்டியில ஏறு" என்றான் வெண்டல்.

"அந்த ஆளு குப்பையில போட்டிருந்தா?"

"குப்பையில தேடுவோம். ஏறு."

ஓஹையோ முழுவதும் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். படம் எடுத்தால் எடுத்த கையோடு கூட்டில் போட வேண்டாமா, மூளையைப் படகிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாயா, உனக்கெல்லாம் எவன் கேமரா கொடுத்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். அவன் எண்பத்தைந்து மைல் வேகத்தில் ஓட்டினான். வழக்கமாக லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டுக் கிழவி மாதிரி ஓட்டுகிறவன். மாநில எல்லையைத் தாண்டும்போது எனக்குத் திட்ட விஷயம் தீர்ந்துபோயிற்று.

"கட்டுனது நான்தானே" என்றேன்.

"ஆமா."

"அப்ப ஏன் வாயத் தொறக்காம திட்டு வாங்குற?"

"நீ திட்டிட்டிருந்தா அழ மாட்ட. எனக்கு ஓட்ட வசதியா இருக்கு."

ஓபர்மேயர் வீட்டு வாசலில் நின்ற தபால் பெட்டியில் சிவப்புக் கொடி தூக்கியிருந்தது. தபால்காரர் எடுத்துக்கொண்டு போக வேண்டிய தபால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கதவைத் தட்டினேன். ஓபர்மேயரே திறந்தார். எழுபத்தைந்து வயசிருக்கும், தோள்வார் போட்ட கால்சட்டை, கையில் பூதக்கண்ணாடி.

நடந்ததைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"எனக்கு வந்தது இடது கையால பந்து போடுறவன் கார்டு. பத்திரமா இருக்கு. நான் இடது கைக்காரங்கள மட்டும்தான் சேர்க்கிறேன்."

"அது இல்லீங்க ஐயா, அதுக்கு முட்டுக் கொடுத்து வச்சிருந்தோமே ரெண்டு கார்டு?"

"அதுவா? உறையோட அப்படியே எடுத்து வச்சேன். நானும் அப்பப்ப நாலஞ்சு விக்கிறவன்தான், முட்டுக் கொடுக்க ஆகும்ல?"

"இப்ப எங்க இருக்கு?"

"இன்னைக்குக் காலையில மூணு உறை கட்டினேன். அதுல எதுலயாவது போயிருக்கும்."

"மூணு உறை எங்கங்க?"

அவர் பூதக்கண்ணாடியால் வாசலைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். இரண்டு வீடு தள்ளித் தபால்காரப் பெண் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பெட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தாள். தேய்ந்த முட்டியோடு நான் ஓடியதைப் பார்த்திருந்தால் என் டாக்டர் மயங்கி விழுந்திருப்பார். வெண்டல் எனக்கு முன்னால் போய்ப் பெட்டியைத் திறந்து மூன்று உறைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"யாருய்யா நீ? அடுத்தவங்க தபால்ல கை வைக்கிற?" என்று தபால்காரி கத்தினாள்.

"விடும்மா, எனக்குத் தெரிஞ்சவங்கதான்" என்று ஓபர்மேயர் வாசலிலிருந்தே சொன்னார். "பத்து நிமிஷமாத் தெரியும்."

சமையலறை மேஜையில் உட்கார்ந்து பிரித்தோம். முதல் உறையில் யாரோ இரண்டு பேர். இரண்டாவதில் ஒரு மொட்டைத் தலையும், ஒரு அணியின் பயிற்சியாளரும். மூன்றாவதை வெண்டலிடம் தள்ளினேன். அவன் டேப்பை உரித்தான். மேல் கார்டைத் திருப்பினான், அது ஒன்றுக்கும் ஆகாதது. கீழே இருந்ததைத் திருப்பினான்.

பிரிட்டோ. நீல மையில் கோணல் கையெழுத்து.

ஓபர்மேயர் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். நாலு மூலையும் பார்த்தேன், விளிம்பு பார்த்தேன், சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நான் கட்டியதையும் தாங்கிவிட்டது, அவர் கட்டியதையும் தாங்கிவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனதுபோல எனக்கு மூச்சு வந்தது. விஷயம் தெரிந்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை என்பது வேறு.

கிழவர் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"வலது கைக்காரன். இதுக்கா இவ்வளவு தூரம்?"

"மூவாயிரத்து நூறு டாலருங்க."

"இருக்கட்டும். எனக்கு வேண்டாம். கிழிச்ச மூணு உறைக்கும் புது உறை, புதுத் தபால்தலை யாரு குடுப்பா?"

வெண்டல் சில்லறை நோட்டாக இருபது டாலர் நீட்டினான். அவர் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அந்த உறைய கட்டுனது நீயாம்மா? டேப் நுனிய மடிச்சு விட்டிருந்த. உரிக்க எவ்வளவு சுலபமா இருந்துச்சு தெரியுமா? எவன் மடிக்கிறான் இப்பல்லாம்?"

வெண்டலை ஒரு பார்வை பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். கிழவருடைய மூன்று உறைகளையும் நானே திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மன்சி தபால் அலுவலகம் பன்னிரண்டுக்கு மூடும். பதினொன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். புதுக் கூடு, பஞ்சுப் பை, அட்டைப் பெட்டி என்று வண்டிக்குள்ளேயே கட்டினேன். இந்த முறை மூடுவதற்கு முன் வெண்டலிடம் காட்டி, "சொல்லு, இது யாரு?" என்று கேட்டேன். "பிரிட்டோ" என்றான் சத்தியம் செய்கிறவன்போல. தபால் ஊழியர் இன்றைய தேதியோடு முத்திரை குத்தியதை என் கண்ணால் பார்த்தேன். வாங்கியவர் இனி எந்தப் பக்கமும் கழன்றுகொள்ள முடியாது.

சாலையோரக் கடை ஒன்றில் பன்றியிறைச்சி வறுவல் வைத்த பன் வாங்கினோம். அந்தப் பக்கத்தில் இறைச்சி பன்னைவிட மூன்று மடங்கு பெரிதாக இருக்கும், எங்கிருந்து கடிக்க ஆரம்பிப்பது என்றே தெரியாது. வெண்டல் ஆரம்பித்துவிட்டான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று எனக்கு அழுகை வந்தது. சத்தமாக, மூக்கு ஒழுக.

"இப்ப எதுக்கு அழுவுற? கிடைச்சாச்சே."

"கிடைச்சதுக்குத்தான் அழுவுறேன்."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"காலையில மீசைக்காரனப் பார்த்தப்ப எனக்கு உயிரே போச்சு, நிஜம்தான். ஆனா ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், 'சரி, இந்தத் தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்'னு தோணுச்சு வெண்டல். சந்தோஷமாக்கூட இருந்துச்சு. எலும்ப அறுப்பாங்களாம்யா. ரம்பம் வச்சு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு தடவ தள்ளிப் போட்டப்பவும் உங்கிட்ட காசு இருந்துச்சு, நடீன். எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவையும் அந்த வாரம்தான் போய் புது சோபா வாங்குன, பிரிக்காத புதுக் கார்டு பெட்டி பெட்டியா வாங்குன." காகிதத் துடைப்பானை என் பக்கம் தள்ளினான். "எண்பத்தஞ்சுல ஓட்டினது கார்டுக்குன்னு நெனச்சியா? நீ சொல்றதுக்கு ஒரு சாக்கும் மிச்சம் இருக்கக் கூடாதுன்னு ஓட்டினேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து மாதமாக, காசு இல்லை, லீவு இல்லை, பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருந்தது. பயம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது அவனிடம் சொல்லியாகிவிட்டது, அவனுக்கு முன்பே தெரிந்தும் இருக்கிறது. முட்டி வலித்தது, ஆனால் உடம்பு முழுவதும் லேசாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றே கைபேசிக்குச் செய்தி வந்திருந்தது. வருவதாக இருந்தால் ஒன்று, வர முடியாவிட்டால் இரண்டு என்று பதில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"நீ அழுத்து" என்றேன்.

"மாட்டேன். விக்கிற பொத்தான அழுத்துறது நீதானே?"

கையைத் துடைத்துக்கொண்டு 'ஒன்று' என்று அழுத்தி அனுப்பினேன். பிறகு இரண்டு கையாலும் பன்னைத் தூக்கிக் கடித்தேன். பசி தாங்கவில்லை.