கருத்துக் கேட்ட மஞ்சள் அறை

குழு நடத்தும் அட்மின்களின் கருத்தைக் கேட்க வேண்டுமென்று செயலிக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. சுவர், நாற்காலி, பேனா எல்லாம் மஞ்சள். மஞ்சள் மூளையைத் தூண்டுமாம். அங்கே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்களுக்கான குழுவை நானும் என் நாத்தனாரும் அந்தச் செயலியில் நடத்துகிறோம். நாத்தனார் விட்டு வந்த புருஷனும் அவளைத் தேடி அதில் இருக்கிறான், பெண் பெயரில். நாங்கள் இப்போது இருக்கும் ஊர் அவனுக்குத் தெரியாது. ‘என் தங்கச்சி இங்க இருக்காளா?’ என்று நாத்தனாரின் அடையாளத்தைச் சொல்லி எழுதியபோதே ஆளைக் கண்டுகொண்டோம். விரட்டினால் வேறு பெயரில் வருவான். அதனால் நாத்தனார் அவனை மறைத்து வைத்தாள். அவன் எழுதுவது யாருக்கும் தெரியாது, எங்கள் பேச்சும் அவனுக்குத் தெரியாது. ஆளில்லாத குழு என்று நினைத்துக் காத்துக் கிடக்கிறான்.

வடிவமைப்பாளர் புதிய திரையைக் காட்டினார். அடுத்த வாரத்திலிருந்து, மறைக்கப்பட்ட எல்லோருக்கும், முன்பே மறைக்கப்பட்டவர்களுக்கும் சேர்த்து, அறிவிப்பு போகும். மறைத்தவரின் பெயர், படம், ஊர் எல்லாம் அதில் இருக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். “தம்பி, இது போச்சுன்னா அவன் என் நாத்தனார் வாசல்ல வந்து நிப்பான்.”

“சூப்பர் பாயிண்ட்க்கா!” மஞ்சள் சீட்டில் ‘பயம்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். அத்தனை படிப்பும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் போலிருக்கிறது.

“ஒட்டிட்டீங்க. நிறுத்துவீங்களா?”

“வெளிப்படையா இருக்கிறது எங்க கொள்கைக்கா. இன்னிக்கு கேக்குறது மட்டும்தான். முடிவு போன மாசமே எடுத்தாச்சு.”

“அப்ப உங்க பேரு, படம், ஊரையும் அதுல போடுங்களேன்.”

“ஐயோ, கண்டவன்லாம் வீட்டுக்கு வந்துருவான்க்கா!”

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு மட்டும் உறைக்கவில்லை.

“குழுவையே அழிச்சுட்டா?”

“அப்ப எதுவும் போகாது. ஆனா இவ்வளவு வளர்ந்த குழுவை எந்தப் பைத்தியம் அழிக்கும்?”

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் கேட்டாள். “காது குடுத்துக் கேட்டாங்களா அண்ணி?”

“காபி குடுத்தாங்க.”

குழுவை அழிக்கப் போவதைச் சொல்ல ஒவ்வொரு பெண்ணாகப் போனில் கூப்பிட்டோம். சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள். ஒருத்தி மட்டும் போனை எடுக்கவேயில்லை. அவளுக்கு எங்களைத் தவிர வேறு யாருமில்லை. அந்த வாரம் முழுக்க நாத்தனார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அறிவிப்புக்கு முந்தின கடைசி நாளில், அவள் போன் மணி அடித்து ஓய்ந்த பிறகு, குழுவை அழித்தாள்.