வெள்ளை சாக்ஸ்

நைனாவின் வலது காலில் சாக்ஸ் ஏறவில்லை. தரணி இழுத்து இழுத்துப் பார்த்தாள். விறைத்துப்போன பாதம் பிடிவாதம் பிடித்தது. உயிரோடு இருந்தவரை அவளிடம் ஒரு பிடிவாதமும் காட்டாத மனிதர்.

அவள் அப்பா சின்னசாமிக்குப் பிறவியிலேயே நடுவிரல்கள் கிடையாது. ஒவ்வொரு பாதமும் நடுவில் பிளந்து, ஓரத்துக்கு ஒன்றாக இரண்டே விரல்கள். கைகளும் அப்படியே. பிச்சாட்டூர்ப் பக்கத்து அந்த ஊரில் யாருக்கும் அது ஒரு விஷயமே இல்லை. அந்தக் கையால்தான் நாற்று நட்டார், மகளுக்குச் சடை பின்னினார். பாகாலாவிலிருந்து சம்பந்தம் வந்த பிறகுதான் அதை ஒளிக்க வேண்டியதாயிற்று. எலும்பு வளர்ச்சியில் வரும் கோளாறு, பேரப்பிள்ளைக்கும் வரலாம் என்று திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார்.

"தெரிஞ்சா உன்ன கட்டமாட்டாங்கம்மா" என்றார் நைனா. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டியவர், இரண்டு கையிலும் அடி என்று கட்டுப்போட்டுக்கொண்டு, வெள்ளை சாக்ஸோடு ஓரமாகச் சிரித்தபடி நின்றார். அவர் தம்பி ஏழுமலைதான் கழுவினார். அதற்குப் பிறகும் மருமகன் வரும் நாளிலெல்லாம் அவருக்குக் கழனியில் தலைபோகிற வேலை வந்துவிடும். கைகளை ஏற்கெனவே துணியில் சுற்றியாகிவிட்டது. தரணி சாக்ஸை மறுபடி இழுத்து ஒருவழியாக ஏற்றினாள்.

"இன்னாம்மா இது? குளிப்பாட்டற நேரத்துல சாக்ஸ் மாட்டிக்கினு கீற?"

மாமியார் ஜெயம்மா கோடித் துணியோடு வந்து நின்றாள். பின்னால் தரணியின் கணவன் திலீப்.

"இருக்கட்டும் அத்த. நைனாவுக்கு கால் சில்லுனு ஆவும்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். ஆண்கள் உடலைத் தூக்கி முற்றத்துப் பலகையில் கிடத்தினார்கள். திலீப் கால்மாட்டில் குந்தினான். தரணி ஓடிவந்து பாதங்களைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க வேணாம். சித்தப்பா ஊத்தட்டும்."

"எங்கால கழுவுனதும் சித்தப்பா, மாமா கால கழுவறதும் சித்தப்பாவா? நவுரு."

அவள் கையை விலக்கி சாக்ஸைக் கழற்றினான். அவன் விரல்கள் அப்படியே நின்றன.

"இதுக்குத்தான் கழனிக்குப் போய்க்கினே இருந்தாரா?" என்றான் மெல்ல.

தரணிக்கு இனி ஒளிக்கத் தெம்பில்லை. "நமக்குப் பொறக்கறதுக்கும் வரலாமாம்" என்றாள். சொல்லிவிட்டு மாமியாரைத்தான் பார்த்தாள்.

திலீப் இன்னொரு கால் சாக்ஸையும் கழற்றினான். இரண்டு பாதங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சொம்புக்காகக் கையை நீட்டினான். ஏழுமலை தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டார்.

"பச்சத்தண்ணி ஊத்தாதீங்க" என்றாள் ஜெயம்மா. "கால் சில்லுனு ஆவும்னு சொல்றா இல்ல?"

அடுப்படிக்குப் போய் வெந்நீர் கொண்டுவந்து விளாவினாள். சொம்பில் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, மறுபடி பார்த்துவிட்டு, மகனிடம் நீட்டினாள்.